இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி

என் மகன் சட்டம் கற்பிக்கும் ஆசிரியனாக முடியாமல் போனதற்குத் தெய்வம் காரணமல்ல. நான்தான் காரணம். தெய்வத்தின் பெயரைச் சொல்லி அவனை ஏமாற்றினேன்... பெற்ற தாய்!

இதை உங்களிடம் சொல்கிறேன். அவனிடம் சொல்லவில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நல்லவள் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது.

சங்ககிரிக்குத் தெற்கே எங்கள் தோட்டம். கணவர் போன பிறகு ஒற்றைப் பிள்ளை நாச்சிமுத்துவை நானே வளர்த்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவனோ சேலத்தில் பி.ஏ. முடித்து, மெட்ராஸ், டில்லி இரண்டு ஊர்ச் சட்டக் கல்லூரியிலும் இடம் வாங்கிவிட்டான். ஐம்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்தில் அது கேள்விப்படாத சங்கதி.

அவன் மனம் டில்லியில் இருந்தது. ஏன் என்று எனக்கு விளங்கும்படி சொன்னான்.

“கோர்ட்டுக்குப் போறதுக்கு மெட்ராசு போதுமுங்கம்மா. நான் சட்டத்தச் சொல்லிக் குடுக்கோணும், அதப்பத்தி எழுதோணும். டில்லியில பாடஞ் சொல்றதையே தொழிலா வெச்சிருக்கறவங்க நெறையப் பேரு. மேல்படிப்பும் அங்கயே படிச்சுக்கலாமுங்க. சவரிமுத்தும் அங்கதான் போறான்.”

சவரிமுத்து அவனோடு படித்த சேலத்துக் கிறிஸ்தவப் பையன்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பங்காளிகளோடு வந்த கிணற்றுத் தகராறில் சங்ககிரி கோர்ட்டு வாசலில் பல வருஷம் வெயிலில் காய்ந்தவள் நான். கறுப்புக் கோட்டுக்காரர் நடந்து வந்தால் மரத்தடியில் இருப்பவர்களெல்லாம் எழுந்து நிற்பார்கள். எங்கள் வக்கீல் என் முகத்தைப் பாராமலே பேசுவார். அந்தக் கோட்டு என் மகன் தோளில் ஏற வேண்டும். பங்காளிகள் எழுந்து நிற்க வேண்டும்... அவ்வளவுதான் என் ஆசை. பிள்ளையைத் தூரம் அனுப்பப் பயம் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். பயமும் கொஞ்சம் இருந்தது. கர்வம்தான் அதிகம்.

போதாததற்கு என் கொழுந்தனார் பெண்சாதி ஒருநாள் வந்து குத்தலாகப் பேசினாள்.

“ஏனுங்கக்கா, புள்ளைகளுக்குப் பாடஞ் சொல்றதுக்கா டில்லி வரைக்கும் போறான்? நம்மூரு வாத்தியாரு சைக்கிள்லயே வந்து சொல்லிப்போட்டுப் போறாருங்களே.”

அவள் சிரித்த சிரிப்பு பொழுது சாயும்வரை என்னை அறுத்தது.

“அம்மங்கிட்டப் பூக் கேட்டுப் பாத்துக்கலாஞ் சாமி” என்றேன் மகனிடம்.

கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, மனம் இரண்டுபட்டால் எங்கள் பக்கம் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் கட்டி அம்மன் காலடியில் வைப்பது வழக்கம். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வந்த பூதான் உத்தரவு. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது.

அவன் சற்று யோசித்தான். “வெள்ள வந்தா டில்லி. நீங்க அழுவாம அனுப்போணும். செவப்பு வந்தா மெட்ராசு. நானும் மறுபேச்சுப் பேச மாட்டனுங்க.”

கோயிலுக்குப் போனோம். பூசாரிக்குக் கண் மங்கல். “நீங்களே கட்டிருங்க ஆத்தா” என்று இலைகளையும் இரண்டு நிற அரளிப் பூக்களையும் என்னிடம் நீட்டினார். மகன் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். வெள்ளை அரளியை மடியில் செருகிக்கொண்டு, இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியை வைத்துக் கட்டினேன்.

ஒரு முடிச்சுக்கூடத் தவறவில்லை. தவறியிருக்கக் கூடாதா...

பூசாரியின் பேத்தி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவன் பிரித்தான். அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டு, “சரிங்கம்மா” என்றான். மற்றப் பொட்டலத்தை நானே கொண்டுபோய்க் கிணற்றில் எறிந்தேன்.

மெட்ராஸில் படித்து முடித்துத் திரும்பினான். சங்ககிரி கோர்ட்டில் கோட்டுப் போட்டு நின்றான். நான் கேட்டது எனக்குக் கிடைத்தது. அவனுக்கு என்ன கிடைத்தது? ஒரு சிறு வரப்பு வழக்கென்றாலும் அந்தச் சட்டம் எப்படி வந்தது, ஏன் வந்தது என்று முதலிலிருந்து விளக்குவான். “வக்கீல் சார், இது வகுப்பறை இல்லை” என்று நீதிபதி ஒருநாள் சொல்லக் கோர்ட்டே சிரித்ததாம். கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு வக்கீலிடம் நகர்ந்தார்கள். வீட்டுக்கு வந்தால் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வான்.

அதோடு போயிருந்தால் ஒரு தப்புத்தான். கேளுங்கள், இன்னொன்றும் உண்டு. அது அதைவிடப் பெரியது.

இப்படியே பல வருஷம் ஓடிய பிறகு, போன தை மாதம் சவரிமுத்து வந்தான். இப்போது டில்லியில் சட்ட ஆசிரியன். இருவருக்கும் இலை போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே அவன் விஷயத்தைச் சொன்னான்.

“எங்க காலேஜ்ல மேல்படிப்புக்கு ஆள் எடுக்கறாங்கடா. வயசு தடையில்ல. ரெண்டு வருஷம் படி, அப்புறம் நீயும் வாத்தியார்தான். உன்னை மாதிரி சட்டத்தை விளக்கற ஆளு எங்க கிடைப்பான்?”

நாச்சிமுத்துவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. நான் பார்த்தேன். பிறகு தலையை ஆட்டினான்.

“எனக்கு அந்த உத்தரவு இல்லீடா. அம்மன் அன்னைக்கே சொல்லிருச்சு. நம்மளுக்கு இல்லாததுக்கு எதுக்கு ஆசப்படறது?”

“பூவை நம்பிக்கிட்டு உக்காந்திருக்கியா?” என்ற சவரிமுத்து என் பக்கம் திரும்பினான். “அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேட்பான்.”

ஒரே ஒரு வார்த்தை! ‘நான்தான் மாற்றிக் கட்டினேன்’ என்று சொன்னால் போதும், அவன் புறப்பட்டுவிடுவான். ஆனால் அதற்குப் பிறகு என்னை எந்தக் கண்ணால் பார்ப்பான்? ஊரில் யாருக்கும் தலை குனியாதவள் நான். பெற்ற பிள்ளையின் முன் குனிவதா? இதை எண்ணிக்கொண்டே குழம்புச் சட்டியைப் பிடித்தபடி நின்றேன்.

“அம்மன் சொன்னத நான் மாத்தறதுங்களா, தம்பி?” என்றேன்.

சவரிமுத்து தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தான். என் மகன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்... கோபத்தோடு பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தன் பக்கம் நின்றவளை நன்றியோடு பார்க்கும் பார்வை அது.

“நீங்களும் ஒக்காந்து சாப்புடுங்கம்மா, ஆறிப்போவுது” என்றான்.

உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். இன்றைக்கும் அவனோடுதான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.