முதல் ஊசி எனக்கு

யுத்த காலத்தில் விழுப்புரத்தில் நாங்கள் ஏழெட்டு குமாஸ்தாக்கள் சேர்ந்து ஒரு சேவா சங்கம் வைத்திருந்தோம். கையெழுத்து நன்றாக இருந்ததால் நான் காரியதரிசி. முண்டியம்பாக்கம் பக்கத்துச் சேரி வாலிபர்களுக்கு வாசகசாலை, தேகப்பயிற்சி, சுகாதாரப் பிரசங்கம் எல்லாம் நடத்தினோம். பிரசங்கம் என் இலாகா. ஈ மொய்த்த பண்டத்தைத் தின்னக்கூடாது என்று முக்கால் மணி நேரம் பேசுவேன். பண்டமே இல்லாத வீட்டுக்காரர்கள் பொறுமையாகக் கேட்பார்கள்.

அந்த வருஷம் திண்டிவனத்தில் வாந்திபேதி கண்டது. அங்கிருந்து எங்கள் பக்கம் வர அதற்கு ரயில் டிக்கெட் தேவையில்லை. தடுப்பூசி மருந்து கிடைத்தது. சங்கத்து நண்பரான ஒரு கம்பவுண்டரும் கிடைத்தார். சேரியில்தான் யாரும் கையை நீட்டவில்லை. வாசகசாலையில் பேப்பர் படித்துச் சொல்லும் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் எங்களுக்காக வீடு வீடாகப் போய் வாதாடினான். பிறகு என்னிடம் வந்தான்.

"நீங்க முதல்ல குத்திக்கினீங்கன்னா நாங்களும் குத்திக்கிறோம்ங்க. ஜனங்க அப்டிதான் சொல்லுது."

நியாயமான நிபந்தனை. ஆனால் ஊசி என்றால் எனக்குக் குலை நடுங்கும். ஜெயிலுக்குப் போகத் தயார் என்று மேடையில் முழங்கியவன்தான். ஜெயிலில் ஊசி போடுவார்களா என்று விசாரித்துக்கொண்டு முழங்கியவன்.

கம்பவுண்டரிடம் தனியே பேசினேன். மறுநாள் சாயங்காலம் மாதா கோயில் முன்னால் கூட்டம் கூடியது. அவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மருந்தை என் கையில் வைத்த பஞ்சுக்குள் பீய்ச்சினார். நான் பல்லைக் கடித்துக் கண்ணை மூடினேன். பிரமாதமான நடிப்பு.

அடுத்து அந்த இளைஞனும் அவன் தோழர்கள் மூவரும் நிஜமாகவே குத்திக்கொண்டார்கள். அவனுடைய அக்காள், "காலைல மல்லாட்ட புடுங்கப் போவணும், நாளைக்கு வந்து குத்திக்கிறேன்" என்றாள். வேர்க்கடலை பிடுங்கும் பருவம் அது. மற்றவர்களும் நாளைக்கு என்றார்கள்.

ஊசி போட்டால் கை வீங்கும், காய்ச்சல் அடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. கம்பவுண்டர் சொல்லவில்லை. குத்திக்கொள்ளாதவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? மறுநாள் நான் சைக்கிளில் சீட்டியடித்தபடி போய் இறங்கினால், நால்வரும் கோணியின் மேல் சுருண்டு கிடக்கிறார்கள்.

"இன்னாங்க, உங்க கை வீங்கலியா? தூக்குங்க பாப்போம்" என்றாள் அக்காள்.

தூக்கினேன். ஒரு முனகலாவது முனகியிருக்கலாம். அவ்வளவு பெரிய நடிகனுக்கு அது தோன்றவில்லை.

"காத்தாடியாட்டம் சுத்துதே!" என்று அவளுடைய சித்தப்பா சிரித்தார். "அவுருக்குப் பச்சத் தண்ணி, நம்ம பசங்களுக்கு வெஷம்!"

காய்ச்சலோடு இளைஞன் எழுந்து உட்கார்ந்தான். "சும்மா இரு சித்தப்பா. நான் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன். நெய்யும் பருப்பும் துன்ன ஒடம்பு, அதான் தாங்குது. அப்டிதானேங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளதைச் சொல்லி அங்கேயே கையை நீட்டியிருந்தால், திட்டிக்கொண்டாவது நாலு பேர் நீட்டியிருப்பார்கள்.

"ஆமாம், அதுதான்" என்றேன்.

அவனைத் தவிர யாரும் நம்பவில்லை. கம்பவுண்டரைத் தெருவுக்குள் விட மறுத்துவிட்டார்கள். பத்துப் பதினைந்து நாளில் நோய் அங்கேயும் வந்தது. ஊசி போட்டுக்கொண்ட நால்வருக்கும் ஒன்றுமில்லை. அக்காள் போய்விட்டாள்.

துக்கம் விசாரிக்கப் போனேன். எனக்கு உட்கார முக்காலி எடுத்துப் போட்டுவிட்டு அவன் நின்றுகொண்டே பேசினான்.

"நீங்க இன்னாங்க பண்ணுவீங்க? குத்திக்கினு காட்டினீங்க. எங்க ஜனந்தான் நம்பல. நானாவது அன்னிக்கே அவளக் கையப் புடிச்சி இஸ்துக்கினு வந்திருக்கணும். என் தப்புங்க."

"உன்மேல் தப்பில்லை" என்றேன். அது உண்மை. யார்மேல் தப்பு என்று சேர்த்துச் சொல்ல இன்னும் ஒரு வாக்கியம்தான் தேவைப்பட்டது. தெருமுனை வரை என் சைக்கிளை அவனே தள்ளிக்கொண்டு கூட வந்து, ஆறுதல் சொன்னதற்கு எனக்கு நன்றி சொல்லி அனுப்பினான்.