செம்பட்டி சாலையில் நான் எடுத்த படம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாத விடியற்காலையில், செம்பட்டியைத் தாண்டி வத்தலக்குண்டு போகும் சாலையோரம், ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நான் ஒளிந்து நின்றேன். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. மரத்துக்குப் பின்னால் ஒளிகிற வயதில்லை. சைக்கிளைப் பள்ளத்தில் படுக்கப் போட்டுவிட்டு, கையில் போனைப் பிடித்துக்கொண்டு, ஒரு மனிதரைப் பொய்யர் என்று நிரூபிப்பதற்காகக் காத்திருந்தேன்.

எப்படி அங்கே வந்து நின்றேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திண்டுக்கல்லில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை தோறும் சேர்ந்து சைக்கிள் ஓட்டுவோம். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். சர்க்கரைக்காக வந்தவர், தொந்திக்காக வந்தவர், என்னைப் போலத் தூக்கம் வராமல் வந்தவர். ஓட்டி முடித்ததும் பைபாஸ் பக்கம் ஒரு டீக்கடை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. அந்த வாரத்தில் தனியாக எங்கே போனோம், என்ன பார்த்தோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சொல்லி முடித்தால்தான் டீ. சொல்லும்போது அவரவர் போன் கைமாறிப் போகும். போன பாதை சிவப்புக் கோடாக மேப்பில் கிடக்கும். அந்தக் கோடுதான் சாட்சி.

அந்தப் புரட்டாசியில் ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தார். சின்னாளபட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். நெடுநெடுவென்று உயரம். யாரிடமும் அதிகம் பேசமாட்டார். ஆனால் கதை சொல்லும் முறை வந்ததும் வேறு ஆளாகிவிடுவார்.

"சேவுகம்பட்டிக்குச் செத்த முன்னாடி ஒரு வெங்காயக் காடு. ஒருத்தர் டார்ச் லைட்ட வாயில கவ்விக்கிட்டு மடை மாத்திக்கிட்டு இருக்காரு. தண்ணி ஓட ஓட அந்த வெளிச்சமும் கூடவே ஓடுது" என்பார். டீ மாஸ்டர் கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

எனக்கு அங்கேதான் முதல் முள் தைத்தது. அதுவரை அந்த பெஞ்சில் கதை சொல்வதில் நான்தான் கெட்டிக்காரன் என்று பெயர். ஆத்தூர் அணைக் கரையில் பனி விலகுவதையும், குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காட்டில் மயில்கள் இறங்குவதையும் நான் சொன்னால் கேட்பார்கள். இவர் வந்த பிறகு என் மயில்களை யாரும் கேட்கவில்லை.

பொறாமை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். எனக்கு வந்தது சந்தேகம் என்றே நம்பினேன். சந்தேகத்துக்குக் காரணங்களும் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் எல்லோருக்கும் பின்னால் வருவார். மேம்பாலம் ஏறும்போது இறங்கித் தள்ளுவார். மேலே வந்து இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குவார். ஆனால் வாரநாட்களில் அவர் போனில் கிடக்கும் கோடோ, சின்னாளபட்டியில் தொடங்கி செம்பட்டி வழியாக சேவுகம்பட்டி போய்த் திரும்பியது. ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எங்கேயும் நிற்காமல், நல்ல வேகத்தில், வாரத்துக்கு மூன்று நாள்.

அடுத்தது செயின் கறை. எங்களைப் போல ஓட்டுகிறவர்களுக்கு வலது கெண்டைக்காலில் கறுப்பாக ஒரு கறை இருக்கும். சோப்புப் போட்டாலும் முழுதாகப் போகாது. அவர் கால் கழுவி வைத்த வெண்டைக்காய் மாதிரி சுத்தமாக இருந்தது.

மூன்றாவது, சீட் கம்பி. அவர் சைக்கிளின் சீட்டைத் தாங்கும் கம்பியில் இரண்டு இடத்தில் தேய்ந்த வளையம் இருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. உயரமான ஆள் எதற்காக அடிக்கடி சீட்டை இறக்குகிறார்? ஏதாவது வேனில் ஏற்றிப் படுக்க வைக்கத்தான் என்று முடிவு கட்டினேன். வேனாக இல்லாவிட்டால் மொபெட். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டை மெதுவாக உருட்டினால், மேப்பில் சைக்கிள் போனது போலத்தான் கோடு விழும். கெட்டிக்காரன் வேகத்தை அளந்துதான் ஓட்டுவான்.

எல்லாவற்றுக்கும் மேல், அவருடைய கதைகள். மூச்சு முட்ட மிதிக்கிறவனுக்கு முன்சக்கரமும் அடுத்த பள்ளமும்தான் தெரியும். டார்ச்சை வாயில் கவ்வியவரையெல்லாம் பார்க்க நேரம் இருக்காது. இவர் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிற ஆள் போல அல்லவா சொல்கிறார்?

இதெல்லாம் மனதுக்குள்ளேயே அழுகிப் போயிருக்கும். ஆனால் தை பிறந்ததும் கன்னியாகுமரி வரை இரண்டு நாள் சவாரி என்று முடிவானது. திரும்பி வரும்போது சைக்கிள்களை ஏற்றும் வண்டியில் நான்குதான் நிற்கும். வாரநாட்களில் அதிகம் ஓட்டிய நான்கு பேர் போகலாம் என்று பேசி வைத்தார்கள். மூன்று பேர் உறுதி. நான்காவது இடத்துக்கு நானும் ஜெராக்ஸ்காரரும். மேப்பின்படி அவர் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

குழுவுக்குத் தலைவர் போல இருந்தவர் மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர். அவரிடம் மெல்ல ஆரம்பித்தேன்.

"அந்த ஆளு பாலம் ஏற மாட்டாரு. ஆனா சேவுகம்பட்டி போயிட்டு வாராராம். நம்புறியா?"

"ஏலே, உனக்கு அவர் மேல என்ன கடுப்பு? ஓட்டுனாத்தான கோடு விழும்?"

"கோடு மொபெட்டுலயும் விழும்."

"பாத்துட்டு வந்து சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

அப்படித்தான் அந்தப் புளியமரம்.

ஆறு மணி இருக்கும். பனி தரையோடு தரையாகக் கிடந்தது. எங்கோ மோட்டார் தண்ணீர் இறைக்கும் சத்தம். பால் வண்டி ஒன்று போனது. பிறகு ஒரு சைக்கிள் விளக்கு கண்ணைக் கூச வைத்துக்கொண்டு வந்தது. துப்பட்டாவைத் தலையோடு சேர்த்துச் சுற்றிய ஒரு பெண். மில் ஷிப்டுக்குப் போகிறவளாக இருக்கும் என்று நினைத்தேன். என்னைத் தாண்டியதும் அவள் ஏதோ சத்தம் போட்டாள்; நாயை விரட்டுகிறாள் என்று விட்டுவிட்டேன். என் கண் அவளுக்குப் பின்னால் வந்த இன்னொரு வெளிச்சத்தில் இருந்தது.

மொபெட். அதன் மேல் ஜெராக்ஸ்காரர். நான் எதிர்பார்த்தபடியே, அளந்து வைத்த வேகத்தில்.

சந்தோஷத்தோடு படம் எடுத்தேன். அந்த நொடியில் அவர் மரத்துப் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு கலவரம். திருடன் முகம் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று மதியம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவர் போனில் இருந்து வழக்கம் போலக் கோடு வந்து விழுந்தது: ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். அதற்குக் கீழே நான் படத்தைப் போட்டேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

"சைக்கிளுக்கு எப்பண்ணே பெட்ரோல் டேங்கு வச்சீங்க?" என்று ஒருவர் ஆரம்பித்தார். "லிட்டருக்கு எம்புட்டு தருது?" என்று அடுத்தவர். சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. சாயங்காலம் அவர் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். ஒரு மறுப்பு கூட இல்லை. பார்த்தாயா, என்றது என் மனம்.

நான்கு நாள் கழித்து அதே சாலையில் நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். வெற்றி பெற்றவனுக்கு வரவேண்டிய நிம்மதி வரவில்லை. அதைத் தேடித்தான் மிதித்தேன் என்று நினைக்கிறேன். புளியமரத்தடியில் ஒரு பெண் சைக்கிளோடு நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். கை காட்டி நிறுத்தினார். அந்த சைக்கிளை எனக்குத் தெரியும். சீட் கீழ் வளையத்தில் இறங்கியிருந்தது.

"நீங்கதான சார் அன்னைக்கு இந்த மரத்துக்குப் பின்னாடி நின்னது?"

சைக்கிளை விட்டு இறங்கினேன்.

"தாண்டும்போதே பாத்துட்டேன். யாரோ ஒரு ஆளு ஒளிஞ்சு நிக்கிறான், பாத்து வாங்கன்னு பின்னால வந்த எங்க வீட்டுக்காரருக்குச் சத்தம் குடுத்தேன். செயின் அறுக்குற பயலோன்னு பயந்துட்டேன். அதான் அவரு அப்பிடித் திரும்பிப் பாத்தாரு. அந்த மொகத்தத்தான் நீங்க போட்டோ புடிச்சுப் போட்டீங்க."

ஒன்றொன்றாகச் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. சைக்கிள் அவர் கணவருக்காக வாங்கியதுதான். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சும்மா கிடக்கிறதே என்று இவர் தெருவுக்குள் ஓட்டிப் பார்த்தார். பிறகு செம்பட்டி வரை, அதற்கு மேலும். இருட்டோடு கிளம்புவதால், நாய்க்கும் குடிகாரர்களுக்கும் பயந்து கணவர் மொபெட்டில் பின்னாலேயே வருவார். கணவரின் போன் சைக்கிளில் இருக்கும். புடவைக் கடையில் ஒன்பதரைக்கு வேலை; அதற்குள் வீடு திரும்பியாக வேண்டும். அதனால்தான் எங்கேயும் நிற்பதில்லை.

"உங்க குரூப்புல எல்லாம் ஆம்பளைங்க. எனக்குக் கூச்சம். ஆனா நான் இம்புட்டு தூரம் போறத நாலு பேரு கேக்கணும்னு ஒரு ஆச. நீங்க போனதாவே சொல்லுங்கன்னு நான்தான் அனுப்பி வச்சேன். வந்து ஒவ்வொருத்தரும் என்ன சொன்னாங்கன்னு சொல்லுவாரு. ஞாயித்துக்கெழம அதுக்குத்தான் காத்துக் கெடப்பேன்."

நான் ஏதோ மன்னிப்புப் போல முனகினேன்.

"எங்க வீட்ல உங்களுக்கு மயிலு சார்னு பேரு. அந்த மயிலெல்லாம் நெசந்தானா சார்?"

பாதி மயில்கள் பொய் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருந்தேன். என் கோட்டின் மீது யாரும் சந்தேகப்படவில்லை. அதனால் கதை மீதும் படவில்லை.

"எனக்கு இனிமே வெளிய வர மனசு இல்ல" என்றார் கடைசியில். "நீங்க இந்தப் பக்கம் வருவீங்கன்னு, இதச் சொல்லத்தான் மூணு நாளா வந்து நிக்கிறேன். அவரு கடையத் தெறந்துட்டு யார்ட்டயும் பேசாம உக்காந்திருக்காரு. உங்க எடத்த நீங்களே வச்சுக்கோங்க. கன்னியாகுமரிக்கெல்லாம் எனக்கு யாரு லீவு குடுப்பா?"

சைக்கிளைத் திருப்பி ஏறினார். நான் கூடப் போக முயன்றேன். முதல் திருப்பத்திலேயே என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். யாரோ ஆதார் நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை நின்றேன்.

அவர் கோபப்படவில்லை. "பொய் சொன்னது நான்தான சார். நீங்க உள்ளதத்தான போட்டீங்க" என்றார். அதைவிட அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வரவேண்டும் என்று கேட்டேன். "அவ வரமாட்டா" என்றவர், மெஷின் மூடியைச் சாத்திவிட்டு, "கேட்டுப் பாக்குறேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் முதலில் நான் பேசினேன். மரத்துக்குப் பின்னால் ஒளிந்தது, முன்னால் போன ஆளை விட்டுவிட்டுப் பின்னால் வந்தவரைப் படம் எடுத்தது, மயில்கள், எல்லாம். யாரும் சிரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் மட்டும், "நாமளும்தானலே பெட்ரோல் டேங்குன்னு எழுதுனோம்" என்றார்.

அன்று அவர்கள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் டீக்கடை முன்னால் சைக்கிளும் மொபெட்டும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. பெஞ்சில் எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள். அந்தம்மாவைக் கதை சொல்லச் சொன்னோம்.

"காலைல கெளம்புனேன். சேவுகம்பட்டி போனேன். திரும்பி வந்துட்டேன்" என்றார் அந்தம்மா.

"வழியில என்ன பாத்தீங்க?"

"ரோட்டத்தான். வேற எதப் பாக்குறது?" அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கதையெல்லாம் இவர்ட்ட கேளுங்க. எனக்கு ஓட்டத்தான் தெரியும்."

எல்லோரும் ஜெராக்ஸ்காரரைப் பார்த்தோம். அவர் முதலில் மாட்டேன் என்றார். பிறகு தலையைக் குனிந்தபடி, முன்னால் போகும் சக்கரத்தின் பின் விளக்கு பனிக்குள் மங்கி மங்கித் தெரிவதையும், அது கண்ணுக்குத் தெரிகிற தூரத்தை விடாமல் தான் பின்னாலேயே போவதையும் சொல்லத் தொடங்கினார். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

கன்னியாகுமரிக்கு நான்தான் போனேன். கடலைப் பார்த்தேன். திரும்பி வந்து அதைப் பற்றி எதுவும் சொல்லத் தோன்றவில்லை. அந்தம்மா இப்போதும் வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டுகிறார். என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை, அது நியாயம்தான்.

என் சந்தேகம் தவறாகப் போயிருந்தால், ஒரு மன்னிப்போடு அதை மறந்திருப்பேன். அவர் சொன்னது பொய்தான், நான் கண்டுபிடித்தது சரிதான் என்பதுதான் இத்தனை நாளுக்குப் பிறகும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.