கிடாருக்கு ஒரு ஃபைல்

பழைய எலெக்ட்ரிக் கிடார் அசலா போலியா என்று பார்த்துச் சொல்லும் தொழிலுக்கு வந்தவன், பால்காரனை விட்டுவிட்டு மாட்டையே சந்தேகப்படுவான்.

பழசு வாங்கிச் சூடுபட்ட சகாக்களே! ரிட்டையரான பிறகு டில்லியில் பத்து வருஷமாக ஊராருக்கெல்லாம் "வேண்டாம்" சொல்லியே பெயர் வாங்கினவன் நான். போன மாசம் எனக்கென்று ஒன்று வாங்கக் கிளம்பினேன். சாவதற்குள் ஓர் அசல் கிடார் என் மடியில் இருக்க வேண்டும் என்று ஆசை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

துருவின் ருசி

புதுக் கிடாரைப் பழசாக்க, திருகாணிக்கு உப்புத் தண்ணீர் அடித்துத் துருவேற்றுவார்கள். அதனால் நான் திருகாணியை நக்கிப் பார்ப்பேன். ருசியை வைத்தே வருஷம், மாசம் சொல்லிவிடுவேன். ஒருமுறை கிழமைகூடச் சொன்னதுண்டு. சந்துக் கடைக்காரன் ஒருவன், "அறுபது வருஷத்துச் சரக்கு" என்று ஒன்றை நீட்டினான். நக்கினேன், கரித்தது. "பையா, டில்லியில் ஏது கடல்?" என்றேன். அவன் கண்ணைச் சிமிட்டாமல் சொன்னான்: "அங்கிள்ஜி, இது மும்பைச் சரக்கு!"

எண்ணி வைத்த திருகாணிகள்

அடுத்தது கோல் மார்க்கெட், நமச்சிவாயம் வீடு. ஏதோ ஒரு மினிஸ்ட்ரியில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டையரானவர். கிடார் அவருடைய அண்ணன் வாசித்தது. திறந்து பார்த்தேன். ஒயர் பற்றவைத்த ஈயம் மங்கிக் கிடந்தது. மூடிக்கு அடியில் மட்டும் பெயின்ட் வெளுக்காமல் இருந்தது. இரண்டும் அசலுக்கு அடையாளம். எதிரே அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிற சாக்கில் உள்ளே இருப்பதை மாற்றிவிடுகிற ஆசாமிகளும் உண்டே! நான் கழற்றி நக்கிப் பார்த்த திருகாணிகளைப் பேப்பரில் வரிசையாக வைத்து எண்ணிய அவர் மனைவி, சட்டென்று நிமிர்ந்தார். "ஏங்க, பதினொண்ணுதான் இருக்கு. அவரை நாக்கை நீட்டச் சொல்லுங்க!"

ஃபைல் வந்தது

பன்னிரண்டாவது, பேப்பர் மடிப்பில் அகப்பட்டது. பிறகு நமச்சிவாயம் ஒரு ஃபைலை எடுத்துவந்தார். வாங்கிய பில், ரிப்பேர் ரசீதுகள், பக்க எண்ணோடு. எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே பேனா, புத்தம்புதுத் தாள். "மாட்டினார்" என்று நினைத்துக்கொண்டு, "அசல் எங்கே?" என்றேன். "கரையான் அரிச்சிருந்தது சார். வரிக்கு வரி ஃபேர் காப்பி எடுத்து, 'உண்மை நகல்'னு நானே கையெழுத்துப் போட்டேன். அப்புறம் அசலைக் கிழிச்சுக் கொளுத்திட்டேன்."

வாங்கலாமா?

இரண்டு டம்ளர் காபி குடிக்கும்வரை யோசித்தேன். ஏமாற்றுக்காரன் என்றால் தாளை டீத்தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்கியிருப்பான். நகலைப் பத்திரப்படுத்திவிட்டு அசலைக் கொளுத்த, சர்க்கார் ஆபீஸில் முப்பது வருஷம் ஊறியிருக்க வேண்டும். "எடுத்துக்கறேன்" என்றேன். நமச்சிவாயம் கிடாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இவ்வளவு ஜல்தியா சரின்னுட்டீங்களே, எனக்குத் தெரியாம இதுல என்ன சார் இருக்கு?"

ஒருவழியாக வாங்கி மூன்று வாரம் ஆகிறது. இதுவரை ஒரு குறையும் தென்படவில்லை என்பதுதான் என் பெரிய சந்தேகம்.