பாலத்தில் நின்ற பச்சைச் சட்டை

அன்று வாடகை வான் வண்டியில் இருந்தவர்கள்: நான், என் மகள், அக்கா, அத்தான், எங்கள் மேல்மாடியில் இருக்கிற பள்ளிக்கூட ரீச்சர், வான் ஓட்டியவர். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து விடிய முன்னமே புறப்பட்டோம். கண்டி பார்க்கத்தான் போகிறோம் என்று நம்பியவள் ஒருத்தி மட்டும். அவள் என் மகள். வான் காசு ஆளுக்கு ஐயாயிரம். அவளும் தன் பங்கை முதல் நாளே தந்திருந்தாள்.

மற்ற எல்லோருக்கும் விஷயம் தெரியும், வான்காரருக்குக்கூட. கண்டிக்குக் கிட்ட, பேராதனைப் பூந்தோட்டத்தில் ஆற்றுக்கு மேலே ஒரு தொங்குபாலம் இருக்கிறது. கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு மாப்பிள்ளை தற்செயலாக வந்தவர்போல அந்தப் பாலத்தடிக்கு வருவார். நாங்களும் தற்செயலாக நிற்போம். எங்கள் ஆட்களுக்குள் இது வழக்கம்தான். கோயிலிலோ, புடவைக் கடையிலோ, பொடியன் தூர நின்று பெண்ணைப் பார்ப்பான். பிடிக்காவிட்டால் பேசாமல் போய்விடுவான், ஒருவருக்கும் வெட்கக்கேடு இல்லை. பிள்ளைக்கும் சொல்வதில்லை. சொன்னால் என் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவளுக்கு இருபத்தொன்பது. பேசி வந்த இடங்கள் எல்லாம் தட்டிப்போன பிறகு இது ஒன்றுதான் மிச்சம். இதுவும் போனால் என்ன செய்வது என்று நினைத்து நினைத்து எனக்கு ஒரு கிழமையாகச் சோறு இறங்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். வீட்டில் சாறிச் சட்டை தைக்கிறேன். கவலைப்படுவதற்குப் படிப்புத் தேவையில்லை. கடுகண்ணாவ ஏற்றத்தில் வானின் பிரேக்கைப் பற்றிக் கவலைப்பட்டேன். பிறகு பாலத்தின் கம்பியைப் பற்றிக் கவலைப்பட்டேன்.

“அம்மா, ஏன் எனக்கு இவ்வளவு பவுடர் பூசி விட்டனீங்கள்? பூந்தோட்டத்து மரங்களில தொங்குற வௌவால் பார்க்கத்தானே போறம்?” என்றாள் மகள்.

“பூந்தோட்டத்துக்குப் பூ மாதிரித்தான் போகவேணும், பிள்ளை,” என்றார் ரீச்சர். அத்தான் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

கல்யாணப் புரோக்கர் போனில் சொன்ன அடையாளம் இவ்வளவுதான்: “பொடியன் பச்சைச் சட்டை, அக்கா. பெரியப்பாவோட வருவார்.” படமும் அனுப்பியிருந்தார். பனிக்குள் மொத்தமான அங்கியும் தொப்பியும் போட்டு நின்ற ஓர் உருவம். முகம் நகக்கண் அளவுதான்.

பாலத்தடியில் சனம். ஒரே நேரத்தில் கொஞ்சப் பேரைத்தான் ஏற விடுகிறார்கள், கூடினால் காவலாளி விசில் அடிக்கிறார். கீழே மகாவலி மண்ணிறமாக ஓடியது. பாலத்தின் நடுவில் ஒருவன் தனியே நின்றான். பச்சைச் சட்டை. பெரியப்பா எங்கேயாவது நிழலில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

“பிள்ளை, நீ போய் ஆத்தைப் பார்த்திட்டு வா.”

“நீங்களும் வாங்கோ.”

“எனக்குத் தலை சுத்தும். நீ போ.”

அவள் போனாள். அக்காவும் மற்றவர்களும் மரநிழலுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் கம்பியைப் பிடித்தபடி பார்த்தேன். அவன் ஏதோ கேட்டான். அவள் சிரித்தாள். அவன் தன் போனை நீட்ட அவள் வாங்கினாள். இவ்வளவு வேகமா என்று திடுக்கிட்டேன், ஆனால் சந்தோஷத் திடுக்கம். அந்த நேரம் பாலம் ஆட, அவள் தடுமாற, அவன் அவளுடைய முழங்கையைப் பிடித்தான். கடவுளே என்று நான் கும்பிட்டே விட்டேன்.

பக்கத்தில் மாம்பழ நிறச் சாறி உடுத்த ஓர் அம்மா நின்றார்.

“அந்த மஞ்சள் சல்வார் உங்கட மகளே?” என்று கேட்டார்.

“ஓம். கொழும்பில இருந்து வந்தனாங்கள்.”

“அந்தத் தம்பி ஆர்?”

ஒரு கிழமையாக அடக்கி வைத்த வாய். “நீங்கள் எங்கட ஆள் எண்டபடியால் சொல்லுறன். அவருக்குத்தான் பேசியிருக்கு. பாருங்கோவன், இண்டைக்கே கையைப் பிடிச்சிட்டார். எல்லாம் முற்றான மாதிரித்தான்.”

அந்த அம்மா சாறித் தலைப்பை இழுத்துச் செருகினார். “அப்ப நல்லதுதானே,” என்றார். பிறகு திரும்பி, “தம்பி, வா, போவம்,” என்று கூப்பிட்டார். இரண்டு கையிலும் ஐஸ்கிறீமோடு ஒரு பொடியன் வந்தான். அவனும் பச்சைச் சட்டைதான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வடிவான பொடியன் என்று மட்டும் நினைத்தேன்.

அவர்கள் மறைந்து கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. புரோக்கர்.

“பிள்ளைக்கு வேற இடம் முற்றாக்கிப்போட்டு ஏனக்கா எங்களைக் கண்டிக்குக் கூப்பிட்டனீங்கள்?”

“ஆர் சொன்னது?”

“நீங்கள்தான். மாப்பிள்ளையின்ர தாயிட்ட உங்கட வாயாலயே சொல்லியிருக்கிறீங்கள். பெரியப்பாவுக்குக் காய்ச்சல் எண்டு தாய் வந்தவ.”

“மாம்பழச் சாறியோ?”

“சாறி எனக்குத் தெரியாது, அக்கா. இனி அந்தப் பக்கம் என்னால வாய் திறக்க ஏலாது.”

அப்படியே புல்லில் இருந்துவிட்டேன். அக்கா ஓடி வந்து விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தாள். “பிரயாணப் பையைக் கொண்டு வந்தனி, சரி. நாக்கை வீட்டில விட்டிட்டு வந்திருக்கக் கூடாதோ?”

மகள் பாலத்திலிருந்து சிரித்துக்கொண்டு இறங்கினாள். “அவர் மாத்தறை ஊராம், அம்மா. தனிய வந்தபடியால் ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொன்னவர். பாலம் ஆடினதில விழப் பார்த்தன்...” எங்கள் முகங்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “என்ன? ஆருக்கு என்ன நடந்தது?”

ரீச்சர்தான் சொன்னார்.

திரும்பும் வழியில் மலையிறங்கி வந்த பிறகு மகள் கை நீட்டினாள். “அந்தப் படத்தைக் காட்டுங்கோ.” தொப்பி போட்ட உருவத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தாள். “முன்னமே கேட்டிருந்தால் நானே போய்க் கதைச்சிருப்பன்.”

“அப்ப, பிடிச்சிருக்கே?” என்று கேட்டுவிட்டேன். ரீச்சர் என் தொடையில் கிள்ளினார்.

“பிடிக்குதோ இல்லையோ எண்டு சொல்ல எனக்கு வாய் இருக்கு, அம்மா. ஊருக்கெல்லாம் சொல்லுற நீங்கள் எனக்குச் சொல்லேல்ல. வான்காரருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.” அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். “சுற்றுலா எண்டு சொல்லிக் காசும் வாங்கினீங்கள். என்ர ஐயாயிரத்தைத் திருப்பித் தாங்கோ.”

கண்ணாடியில் என்னைப் பார்த்த வான்காரர் உடனே ரோட்டைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஐயாயிரத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் ஐந்நூறை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் கையிலேயே வைத்தாள். மாதம் ஐந்நூறுதான் வாங்குவாளாம். கடன் முடியும் வரைக்கும் புரோக்கர் எங்கள் படியேறக் கூடாதாம். முடிந்த பிறகும் யாரையும் பார்ப்பதென்றால் முதலில் அவளுக்குத்தான் படம் காட்ட வேண்டுமாம்.

அவளுடைய ஒவ்வொரு சம்பள நாளும் மிச்சம் முழுவதையும் நீட்டிப் பார்க்கிறேன், அவள் ஐந்நூறுக்கு மேல் வாங்குவதில்லை. தையல் மெசினுக்கு முன்னால் இருந்தால் இதே யோசனைதான். அவளுக்கு வருகிற ஆவணியில் முப்பது முடிகிறது. நான் இன்னும் கொடுக்க வேண்டியது மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், ஏழு மாதம்.