பாட்டில் வெடிக்குமே என்று டிரம் வாங்கினேன்

வீட்டில் நான் புளிக்கவைக்கும் இஞ்சி பீரைப் பாட்டிலில் அடைத்தால், பாட்டில் வெடித்து அடுப்படியே நாறிவிடும். அதனால் குழாய் வைத்த ஸ்டீல் டிரம்மும், பீரில் நுரை குறையாமலிருக்க அதில் மாட்டும், சோடா கேஸ் நிரப்பிய குட்டி சிலிண்டரும் வாங்கினேன்.

மறுநாள் நான் குளிக்கும்போது 'உஸ்ஸ்' சத்தம். சமையல் கேஸ்தான் கசிகிறது என்று என் கணவர் கத்திய கத்தலில், எங்கள் பட்டாபிராம் அபார்ட்மென்ட்டே தெருவுக்கு வந்துவிட்டது. நான் ஈரத்தலையும் நைட்டியுமாக நின்றேன்.

தைரியமாக உள்ளே போன வாட்ச்மேன் மோந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கேஸ் நாத்தமே இல்ல, இஞ்சி வாசனதான் தூக்குது!" என்றார். டிரம் மூடியை நான் சரியாக முறுக்காததால், சோடா கேஸ்தான் உஸ்ஸென்று கசிந்திருக்கிறது.

பயந்து இறங்கியவர்களைச் சமாதானப்படுத்த ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றினேன். டிரம் காலி!

இப்போதெல்லாம் மூடியை இறுக்கி முறுக்குகிறேன், கசியும் என்ற பயத்தில் அல்ல. லேசாக உஸ்ஸென்றாலே மாடி வீட்டுக்காரர்கள் டம்ளரோடு வந்து நிற்கிறார்கள்.