ஹாஜியின் ஈரக் கல்

நிஷாபூர் கடைத்தெருவில் என் குங்குமப்பூக் கடைக்கு எதிரே ஃபிரோசா என்னும் நீலக் கல் விற்றவர் ஹாஜி நவ்ரூஸ் அலி. பக்கத்து ஊர் மஷ்ஹதைத் தாண்டி அவர் எங்கும் போனதாக எனக்குத் தெரியாது. மக்காவுக்குப் போகாமலே ஹாஜிப் பட்டம் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது.

மட்டமான கற்களை ஈரமண் பானையில் புதைத்து வைப்பார். ஆள் வந்ததும் எடுத்துத் துடைத்துக் காட்டுவார். அப்படியொரு நீலம் மின்னும். யாத்திரைக்காரர்களும் உள்ளூர் ஏமாளிகளும் அள்ளிக்கொண்டு போவார்கள். கொஞ்ச நாளில் ஈரம் காய்ந்து கல் பாசிப்பச்சையாகிவிடும். திரும்பி வந்து சண்டை பிடிப்பவனுக்கும் ஹாஜியிடம் மருந்து இருந்தது. போட்டவன் வீட்டில் தப்பு நடந்தால் ஃபிரோசா நிறம் மாறும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. குரலைத் தாழ்த்தி, "கல்லு பொய் சொல்லாது தம்பி. வீட்ல எல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு?" என்பார். அவ்வளவுதான். வந்தவன் மோதிரக் கையைப் பைக்குள் மறைத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியை முறைப்பான். எனக்கு வயிறு எரியும்.

ஹாஜியின் மகள் மஹ்லகாவுக்கு சப்சவாரிலிருந்து வரன் வந்தது. பையன் மேல் அவளுக்கு உயிர். நிச்சயத்தன்று மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டும். அசல் கற்கள் பெட்டியில் பூட்டிக் கிடந்தன. எடுத்துக் கொடுக்க ஹாஜிக்கு மனம் வருமா? நம்ம வீட்டுப் பிள்ளைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று பானைக்குள் கையை விட்டார்.

நிக்காஹ் நாளும் வந்தது. முல்லா இரண்டு தடவை சம்மதம் கேட்டார். பெண் பூப்பறிக்கப் போயிருக்கிறாள் என்று வழக்கம்போல் பெண்கள் சிரித்தார்கள். மூன்றாம் தடவைதான் அவள் வாய் திறக்க வேண்டும். அதற்குள் மாப்பிள்ளையின் தாய் ஸர்ரின் எழுந்து மகனின் கையைத் தூக்கிக் காட்டினாள். கல் பச்சையாகியிருந்தது.

"ஹாஜி, இதே மாதிரி மோதிரத்தோட எங்க வீட்டுக்காரர் ஒரு தடவை உங்க கடைக்கு வந்தாரு. நீங்க கேட்ட கேள்வில ரெண்டு வருஷம் எங்கூடப் பேசல. இப்ப சொல்லுங்க, என் பையன் கெட்டவனா, உங்க கல்லு கெட்டதா? பையன்தான்னா இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன்."

கடைத்தெரு முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தது. ஹாஜி மகளைப் பார்த்தார். முக்காட்டுக்குள் அவள் தோள் குலுங்கியது.

"கல்லுதாம்மா," என்றார். "ஈரமண்ணுல வெச்சிருந்தேன். நான் வித்தது எல்லாமே அப்படித்தான்."

முல்லா கேட்பதற்கு முன்பே மஹ்லகா சம்மதம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை ஹாஜியின் கடை திறக்குமுன்பே வாசலில் கூட்டம். புருஷன்மாரின் பச்சை மோதிரங்களைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி ஊர்ப் பெண்கள் நின்றார்கள். நான் வியாபாரத்தை விட்டுவிட்டு, நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.