மடியில் நழுவிய ஜெபமாலை

என் மனைவி என் வண்டியில தூங்கினதே கிடையாது. தொண்ணூத்தி மூணுல எங்களுக்குக் கல்யாணமான புதுசு. திண்டிவனம் ஸ்டாண்டுல டாக்சி ஓட்டிக்கினு இருந்தேன். அவளை ஏத்திக்கினு போறப்ப ஒலக்கூர் கிட்ட ஒரு மாட்டு வண்டியை உரசி சைடு கண்ணாடி உடைஞ்சுது. யாருக்கும் ஒரு கீறல் இல்ல. அன்னைக்கு அவ எடுத்த ஜெபமாலைதான், நான் ஸ்டியரிங்கைத் தொட்டா அவ மணியைத் தொடுவா. விழுப்புரம் போறதுக்குள்ள ரெண்டு சுத்து முடிஞ்சிடும். நான் பிரேக் போடறதுக்கு முன்னாடியே அவ கால் தரையை அழுத்தும். பிரசவ வலியில துடிச்சவங்கெல்லாம் என்னை நம்பி ஏறியிருக்காங்க. கட்டினவ மட்டும் நம்பல. எரிச்சல் வருமா வராதா?

இருபது வருஷத்துக்கு மேல இப்படியே ஓடுச்சு. அப்புறம் எங்க மாப்பிள்ளை புதுசா கார் வாங்கினார். முகையூர்ல சொந்தக்காரங்க வீட்டு ஞானஸ்நானத்துக்கு அதுலதான் போனோம். நான் முன் சீட்டு, அவளும் பொண்ணும் பின்னாடி. நாலு வழிச் சாலையில ஏறினதும் மாப்பிள்ளை ஒரு பட்டனை அமுக்கிட்டு காலை எடுத்துட்டார். கை மட்டும் ஸ்டியரிங்ல.

"இனிமே வேகத்தை அதுவே பார்த்துக்கும் மாமா. வெளிநாட்டுல டிரைவரே இல்லாத கார் வந்துடுச்சு. எங்க நிக்கிறது, எங்க திரும்பறது, எல்லாம் அதுவே முடிவு பண்ணுதாம்."

பின்னாடியிருந்து என் மனைவி கேட்டா: "அதுக்குத் தூக்கம் வருமா?"

"வராது அத்தை."

"கோவம்?"

"அதுவும் வராது."

"அப்ப நம்பி ஏறலாம்."

விக்கிரவாண்டி தாண்டல, குறட்டை கேக்குது. திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்துகினு தூங்கறா, ஜெபமாலை மடியில நழுவிக் கிடக்குது. எனக்கு வயிறு எரிஞ்சுது. ஒரு ஆள் மேல பொறாமைன்னா சண்டையாவது போடலாம். பட்டன் கூட என்னத்தை மல்லுக்கட்டறது?

விழுப்புரம் தாண்டி முகையூர் ரோட்டுல ரெண்டு வழிதான். அங்கயும் மாப்பிள்ளை பட்டனை அமுக்கினார். தூரத்துல ரோட்டுல பாதிக்குக் கேப்பைக் கதிரைப் பரப்பியிருந்தாங்க. போற வண்டி மிதிச்சு மணி உதிரட்டும்னு எங்க பக்கம் அறுவடைக் காலத்துல செய்யறதுதான். வேகமா வர்ற வண்டி கதிரை வாரி அடிக்காம மெதுவாகிச் சுத்தி ஏறட்டும்னு, கதிருக்கு முன்னால கருங்கல்லை வரிசையா வெச்சிருப்பாங்க. மாப்பிள்ளை மெட்ராஸ்ல வளர்ந்தவர், ஏதோ வைக்கோலுன்னு நெனைச்சு நேராப் போறார். பட்டனுக்கு அதுகூடத் தெரியாது.

நான் கல்லைப் பார்த்துட்டேன். பார்த்தும் வாயைத் திறக்கல. இது என்னதான் முடிவு பண்ணுதுன்னு பார்ப்போம், அவளும் முழிச்சுப் பார்க்கட்டும்னு ஒரு நெனப்பு. என் பொண்ணும் அந்த வண்டியிலதான் இருந்தா. ஒரு நொடிதான் அப்படி இருந்தேன். அப்புறம் "கல்லு இருக்குது, பிரேக்கை மிதிங்க மாப்ள"ன்னு கத்தினேன்.

கல்லுக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண் இடைவெளியில கார் நின்னுச்சு. என் மனைவி நெத்தி முன் சீட்டுல இடிச்சுது. கண்ணைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவ விரல் ஜெபமாலையைத் தேடுச்சு.

"பார்த்துப் போங்கன்னு எத்தினி தரம்தான் சொல்றது உங்களுக்கு?" என்னைப் பார்த்துதான் கேட்டா.

"அத்தை, ஓட்டினது நானு"ன்னார் மாப்பிள்ளை.

அவ ஆளை மாத்தித் திட்டலைன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்; இறங்கிக் கல்லை நகர்த்தினேன்.